கூடாரம், குடும்பம், தண்ணீர் கேன் ஏற்றிய பிக்கப்புக்கு சஸ்பென்ஷன்: எடை மேடையிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

பிக்கப் வாங்கியவர்களுக்கு முதல் மூன்று மாதத்தில் வரும் ஆசை, வண்டியை இரண்டு அங்குலம் தூக்கிவிட வேண்டும் என்பது. எனக்கும் வந்தது. நாமக்கல்லில் லாரிகளுக்குக் கமான் பட்டை (வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங்) கட்டும் ஒரு பட்டறைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். மேஸ்திரி அடியில் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார். "தம்பி, காலி வண்டிக்குக் கட்டணுமா, லோடு வண்டிக்குக் கட்டணுமா?" என்றார். "ரெண்டுக்கும் சேர்த்துத்தாண்ணே" என்றேன். "அப்படி ஒரு பட்டை கிடையாது. போற லோட அப்படியே ஏத்தி, எடை போட்டு, சீட்டக் கொண்டா. அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த லாரிப் பக்கம் போய்விட்டார்.

அன்றைக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அதன்பிறகு ஸ்பிதி, கட்ச், ஜெய்சல்மேர் என்று சுற்றி, ஒரு ஜோடி ஷாக் அப்சார்பரையும் (சுருக்கமாக ஷாக்) ஒரு செட் புஷ்ஷையும் (மூட்டுகளில் உள்ள ரப்பர் வளையங்கள்) நாசமாக்கிய பின்புதான் அவர் கேட்ட கேள்வியிலேயே எல்லாம் இருந்தது என்று புரிந்தது. இந்த வழிகாட்டியும் அவர் சொன்ன வரிசையில்தான் போகிறது. முதலில் எடை, அப்புறம் ஸ்பிரிங், அப்புறம் ஷாக். உயரம் கடைசியில்.

இங்கே முகாம் பயணத்துக்கு அதிகம் எடுத்துப் போகும் பிக்கப்கள் இரண்டு. 2016-இல் வந்த இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் ஒன்று, 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் இன்னொன்று. இரண்டின் அமைப்பும் ஒன்றுதான். முன்பக்கம் சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கும் இரட்டை விஷ்போன் கைகளுக்கு நடுவே சுருள் ஸ்பிரிங். பின்பக்கம் ஒரே தண்டாக ஓடும் ஆக்ஸில், அதைத் தாங்கக் கமான் பட்டை. அதனால் கீழே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் முன்பக்கம் சுருளுக்குப் பதில் டார்ஷன் பார் (முறுக்கித் தாங்கும் நீளக் கம்பி) இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பக்க வேலை வேறு மாதிரி.

எடைச் சீட்டு வாங்குங்கள்

பயணத்துக்குப் போகும் அதே கோலத்தில் வண்டியை ஏற்றுங்கள். டேங்க் நிறைய டீசல், கேன் நிறையத் தண்ணீர், ஃப்ரிட்ஜில் சாமான், சீட்டில் வீட்டு ஆட்கள். "சுமாரா இவ்வளவு வரும்" என்று மனதில் போட்ட கணக்கு எனக்கு ஒருமுறைகூடச் சரியாக வந்ததில்லை. குறைத்துத்தான் போடுவோம்.

எங்கள் வண்டியின் கணக்கைச் சொல்கிறேன். தொட்டியை மூடும் ஃபைபர் கேனோபி 65 கிலோ, கூரைக் கூடாரம் 60, பிளைவுட்டில் செய்த இழுப்பறை 45, ஃப்ரிட்ஜும் உள்ளே இருக்கும் சாமானும் 35, தண்ணீர் 40, இரண்டாவது ஸ்டெப்னி 32, மண்வெட்டி, இழுவை வார், மணல் பலகை, கம்ப்ரஸர் எல்லாம் சேர்த்து 25, துணிப் பைகள் 25, அடுப்பும் பாத்திரமும் 20, கேனில் டீசல் 20, லித்தியம் பேட்டரி 12. கூட்டினால் 379 கிலோ. மூன்று பேர் ஏறினால் இன்னொரு 165. மொத்தம் 544 கிலோ. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒரு கையில் தூக்கிப்போடும் சாமான் மாதிரிதான் தெரியும்.

எடை மேடையில் மூன்று முறை எடை போடுங்கள். முழு வண்டி ஒருமுறை, முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க ஒருமுறை, பின் சக்கரங்கள் மட்டும் நிற்க ஒருமுறை. லாரிக்கான மேடைகள் 5 கிலோ, 10 கிலோ படியில்தான் காட்டும். நமக்கு அது போதும். பிறகு எல்லாவற்றையும் இறக்கிவிட்டுக் காலி வண்டிக்கு அதே மூன்று எடை. ஆறு எண்கள் கையில் வந்துவிடும். ஸ்பிரிங் விற்பவரிடம் பேசும்போது இந்த ஆறு எண்கள் போதும்.

இன்னொன்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஆர்சியில் வண்டியின் காலி எடையும் மொத்த எடை வரம்பும் இருக்கும். ஆட்கள் உட்பட நீங்கள் ஏற்றலாம் என்று சட்டமும் தயாரிப்பாளரும் சொல்வது அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். கெட்டியான பட்டை மாட்டினால் இந்த வரம்பு ஏறாது. ஆக்ஸில், பேரிங், பிரேக், சேசிஸ் எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன. சீட்டில் உள்ள எடை வரம்பைத் தாண்டியிருந்தால் சஸ்பென்ஷன் பேச்சை நிறுத்திவிட்டுச் சாமானைக் குறையுங்கள். நாங்கள் இரும்பு அடுப்பு மேடையையும் ஒரு பெரிய டூல் பெட்டியையும் விட்டுவிட்டுப் போகக் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

அளவு நாடாவை எடுங்கள்

வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க, தரையிலிருந்து அளக்காதீர்கள். டயரில் காற்று ஏறி இறங்கினால் அந்த அளவு மாறிவிடும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். நான்கு சக்கரத்துக்கும், காலியாக ஒருமுறை, லோடுடன் ஒருமுறை. இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் பக்கம் கொஞ்சம் அழுந்துவது பல வண்டிகளில் உண்டு. நல்ல கிட்களில் அதற்காகவே ஒரு பக்கச் சுருள் ஸ்பிரிங் சற்று உயரமாக வரும்.

அப்படியே அடியில் படுத்து, லோடு ஏற்றிய நிலையில் ஆக்ஸிலுக்கும் மேலே உள்ள ரப்பர் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். நான்கு விரல் கிடையாகப் போகவில்லை என்றால் அந்த லோடுக்கு அந்தப் பட்டை போதாது என்பது என் கணக்கு. நின்ற இடத்திலேயே இவ்வளவு நெருங்கியிருந்தால் ஒரு பள்ளத்தில் விழும்போது ரப்பர்தான் அடி வாங்கும். ரப்பருக்குப் பின் சேசிஸ்.

பின் ஆக்ஸிலுக்கு அந்தப் பக்கம் வைக்கும் எடை

இதைக் கொஞ்சம் நிறுத்தி விளக்க வேண்டும். பிக்கப்பை உடைப்பது பெரும்பாலும் மொத்த எடை இல்லை. எடை உட்காரும் இடம்.

வி-கிராஸின் வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு நடுவே உள்ள தூரம்) 3,095 மி.மீ. டெயில்கேட் என்னும் பின்கதவில், அதாவது பின் ஆக்ஸிலிலிருந்து சுமார் 1.2 மீட்டர் பின்னால், ஒரு ஸ்டெப்னியையும் (32 கிலோ) இரண்டு 20 லிட்டர் தண்ணீர் கேனையும் (40 கிலோ) மாட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 72 கிலோ. ஆனால் பின் ஆக்ஸில் சுமப்பது 72 கிலோ இல்லை. பின் ஆக்ஸிலை அச்சாக வைத்து வண்டி ஒரு சீசா மாதிரி சாய்கிறது. 1.2-ஐ 3.095-ஆல் வகுத்தால் 0.39 வரும். 72-இல் அந்தப் பங்கு சுமார் 28 கிலோ. முன் ஆக்ஸிலிலிருந்து அந்த 28 கிலோ குறைந்து பின்னால் சேருகிறது. ஆக, பின் ஆக்ஸிலுக்குப் போவது 100 கிலோ. முன்பக்கம் 28 கிலோ லேசாகி, ஸ்டீயரிங் மிதக்க ஆரம்பிக்கும். பிரேக் பிடிக்கும்போது முன் டயருக்குக் கிடைக்கும் பிடிப்பும் குறையும்.

இது நின்றுகொண்டிருக்கும்போது உள்ள கணக்கு. லாஹௌலில் கிராம்ஃபூவிலிருந்து பாதல் வரை போகும் கல் பாதையில், ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த 72 கிலோ பல மடங்காகி சேசிஸைக் கீழே வளைக்கப் பார்க்கும். ஆஸ்திரேலியாவில் இரட்டைக் கேபின் பிக்கப்களின் சேசிஸ் கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே வளைந்து நிற்பதைப் பல வருடங்களாகப் படம் படமாகப் பார்க்கிறோம். பெரும்பாலானவற்றில் கதை ஒன்றுதான்: பின்னால் தொங்கும் எடை, வேகமாகக் குதித்த ஒரு பள்ளம், அதோடு பின் ஸ்பிரிங்குக்கு உதவியாகப் போட்ட காற்றுப் பை.

காற்றுப் பை பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கமான் பட்டை சேசிஸைத் தாங்குவது இரண்டு முனைகளில், ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு. காற்றுப் பை தாங்குவது நடுவில், ஆக்ஸிலுக்கு நேர் மேலே, ஒரே இடத்தில். பட்டை தளர்ந்துபோன வண்டியில் பையில் காற்றை ஏற்றி உயரத்தை மட்டும் மீட்டால், சுமை முழுவதும் அந்த ஒரு புள்ளிக்கு மாறிவிடும். பின்னால் எடை கீழே இழுக்க, முன்னால் கேபின் கீழே இழுக்க, நடுவில் பை மேலே தள்ளும். ஒரு குச்சியை முழங்காலில் வைத்து முறிப்பது மாதிரி. நல்ல சாலையில் எப்போதாவது டிரெய்லர் இழுப்பவர், அளவான காற்றுடன் பயன்படுத்தினால் குறை சொல்ல மாட்டேன். கல் பாதையில் முகாம் போகும் வண்டிக்குக் காற்றுப் பை வேண்டாம் என்பதுதான் என் தீர்மானமான கருத்து.

எனவே பணம் செலவழிக்கும் முன் சாமானை இடம் மாற்றுங்கள். தண்ணீர், பேட்டரி, டூல் மூன்றும் தொட்டியின் முன்சுவரை ஒட்டி, தரையோடு இருக்கட்டும். பின்கதவுப் பக்கம் படுக்கை, துணி, நாற்காலி. இந்த ஒரு மாற்றத்திலேயே எங்கள் வண்டியின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரிகிற அளவு எழுந்தது.

கமான் பட்டை தேர்வு

ஓல்டு மேன் எமு, அயர்ன்மேன் 4x4, டஃப் டாக், டாபின்சன்ஸ் என்று ஆஸ்திரேலியத் தயாரிப்புகள்தான் இந்தத் துறையில் அதிகம் பேசப்படுபவை. தாய்லாந்திலிருந்து புரொஃபெண்டர் வருகிறது. டி-மேக்ஸும் ஹைலக்ஸும் அந்த நாடுகளில் ஏராளமாக ஓடுவதால் பொருள் கிடைப்பதில் சிக்கல் இல்லை. முன், பின் இரண்டுக்குமான இறக்குமதி கிட் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும், அவ்வளவுதான்.

பட்டைகளை எடை வாரியாகப் பிரித்து விற்பார்கள். "300 கிலோ நிரந்தர லோடு" என்று ஒரு பட்டைக்குப் போட்டிருந்தால், அந்த 300 கிலோ எப்போதும் வண்டியில் இருக்கும் என்று பொருள். கேனோபி, இழுப்பறை, கூடாரம் மாதிரி கழற்றாத சாமான்களை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். எங்கள் 379 கிலோவில் நிரந்தரமாக இருப்பது 200-க்குள்தான். மீதி, பயணத்துக்கு மட்டும் ஏறுவது. அதனால் 300 கிலோ பட்டை எங்களுக்குத் தேவையில்லை. அடுத்த சிறிய அளவுதான் பொருத்தம். வருடத்தில் 20 நாள் பயணத்துக்காக மீதி 345 நாளும் மரக்கட்டை மேல் உட்கார்ந்த மாதிரி ஓட்ட வேண்டியதில்லை. லோடு இல்லாத வண்டிக்குக் கெட்டியான பட்டை போட்டால் மழையில் நனைந்த சாலையில் பின் சக்கரம் துள்ளி, பிடிப்பை விடும். இதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது கையால் தொட்டுப் பார்க்க வேண்டிய சில இடங்கள் உண்டு. மேல் பட்டையின் கண் வளையத்தை இரண்டாம் பட்டையும் சுற்றிப் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால் மேல் பட்டை முறிந்தாலும் ஆக்ஸில் நகர்ந்துவிடாமல் வண்டி ஊர் வந்து சேரும். பட்டை முனைகளுக்கு நடுவே உராய்வைக் குறைக்கும் பட்டைத்துண்டு இருக்கிறதா? பட்டையின் பின்முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளின் பின்னில் கிரீஸ் நிப்பிள் இருக்கிறதா? ராஜஸ்தான் மணலிலும் கட்ச் உப்பிலும் போகிறவர்களுக்கு அந்த நிப்பிள் பெரிய உதவி.

உள்ளூரில் கட்டலாமா என்று கேட்பார்கள். கட்டலாம், நன்றாகக் கட்டுபவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். நாமக்கல் மேஸ்திரி பழைய பட்டைகளைக் கழற்றித் தரையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாகக் கட்டை மேல் வைத்துச் சுத்தியலால் தட்டுவார். நல்ல பட்டை கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது தொப்பென்று சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்வார். பழைய பட்டையைச் சூடாக்கி வளைவை ஏற்றித் தருகிறேன் என்று சொல்கிற இடத்தில் மட்டும் கொடுக்காதீர்கள். சரியான பதம் திரும்ப ஏற்றாத இரும்பு சில மாதத்தில் மறுபடி தட்டையாகிவிடும், அல்லது முறியும்.

ஷாக்: சூட்டைத் தாங்குவதுதான் வேலை

எடையைச் சுமப்பது ஸ்பிரிங். அது ஆடுவதை அடக்குவது ஷாக். ஆட்டத்தின் சக்தியை எண்ணெயின் வழியாகச் சூடாக மாற்றி வெளியே விடுகிறது. ஒன்றிரண்டு பள்ளத்துக்கு எந்த ஷாக்கும் போதும். துணி துவைக்கும் கல் மாதிரி வரிவரியாகக் கிடக்கும் மண் பாதையில் இரண்டு மணி நேரம் போனால்தான் தரம் தெரியும். எண்ணெய் சூடேறி, நுரைத்து, பிஸ்டன் நுரைக்குள் அசையும்போது தடுப்பு சக்தியே இருக்காது. வண்டி படகு மாதிரி மிதக்கும், வளைவில் பின்பக்கம் தானாகப் பக்கவாட்டில் நகரும்.

எனக்கு அது நடந்தது பாதலைத் தாண்டி குன்சும் கணவாய்க்கு ஏறும் வழியில். அளவுக்கு மீறி ஏற்றியிருந்தேன், அவசரமாகவும் ஓட்டினேன். இடது பின் ஷாக்கின் மேல் பாதி எண்ணெயில் நனைந்து, புழுதி அப்பி, கருப்புக் களிமண் பூசிய மாதிரி இருந்தது. காசா வரை மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து போனோம். குற்றம் முழுவதும் என்னுடையது.

ஷாக்கில் முக்கியமாக இரண்டு வகை. இரட்டைக் குழாய் ஷாக்கில் எண்ணெயும் வாயுவும் ஒரே அறையில் இருக்கும். விலை குறைவு, வெளிக்குழாயில் கல் பட்டு நசுங்கினாலும் பெரும்பாலும் வேலை செய்யும். ஒற்றைக் குழாய் ஷாக்கில் வாயுவை ஒரு மிதக்கும் பிஸ்டன் தனியாகப் பிரித்துவிடும். எண்ணெய் நுரைக்காது, சூடும் நேராகக் காற்றுக்குப் போகும். ஆனால் குழாயில் ஆழமாக ஒரு பள்ளம் விழுந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். மூன்றாவதாக, இரட்டைக் குழாயிலேயே வாயுவுக்குப் பதில் மூடிய துளைகள் கொண்ட நுரைப்பஞ்சு வைத்தவை உண்டு. எடை ஏற்றி மெதுவாக நெடுந்தூரம் போகும் குடும்ப வண்டிக்கு நான் இதைத்தான் சொல்வேன். தனி எண்ணெய்த் தொட்டி வைத்த விலை உயர்ந்த ஷாக்கெல்லாம் பாலைவனத்தில் வேகமாக ஓட்டுபவர்களுக்கு.

ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒரே தயாரிப்பாளரிடம், ஒரே எடைக் கணக்குக்கு வாங்குங்கள். கெட்டியான பட்டை திரும்பி விரியும் வேகத்தைப் பழைய ஷாக்கால் பிடிக்க முடியாது.

முன்பக்கமும் உயரமும்

வண்டியை 40 மி.மீ. ஏற்றினால் போதும். உண்மையில் லோடு ஏற்றிய பின்னும் வண்டி கம்பெனி உயரத்தில் நின்றாலே பாதி வேலை முடிந்தது.

முன்பக்கத்தை ஏற்றும்போது சக்கரம் கீழே தொங்குவதற்கு மிச்சமிருந்த தூரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறோம். சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் மூட்டு எப்போதும் சாய்வாகவே சுழலும், அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். மேல் பந்து மூட்டு அதன் எல்லைக்குப் போகும். 50 மி.மீ.யை நெருங்கினால் மேல் விஷ்போன் கையையே மாற்ற வேண்டியிருக்கும். இல்லையென்றால் காஸ்டர் கோணம் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்து, நேர் சாலையில் ஸ்டீயரிங் நிலையில்லாமல் அலையும்.

ஸ்ட்ரட்டின் (சுருள் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தொகுப்பு) தலையில் வட்டத் துண்டு வைத்து ஏற்றுகிற மலிவு வழி ஒன்று இருக்கிறது. துண்டு ஓர் அங்குலம் இருந்தால் சக்கரத்தில் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் ஏறும், ஏனென்றால் ஸ்ட்ரட் கையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கின் தாங்கும் சக்தி ஒரு கிலோகூட அதிகரிக்காது. பார்வைக்கு மட்டும்தான் வண்டி உயரும். வேண்டாம். முன்னால் இரும்பு பம்பரோ விஞ்சோ இல்லாத வண்டிக்கு கம்பெனி ஸ்பிரிங்கை விடச் சற்றே கெட்டியான ஸ்பிரிங் போதும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. எனவே வேலை தொடங்கும் முன் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்குங்கள். விபத்து நடந்த பின் இந்தக் கடிதம் இருப்பதற்கும் இல்லாததற்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். உயரத்தை ஏறக்குறைய கம்பெனி அளவிலேயே வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாட்டும் நாள்

முதல் நாள் மாலையே எல்லா போல்ட்டுக்கும் துரு விடும் எண்ணெய் அடித்து வைத்துவிடுங்கள். சமதளத்தில், முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி, சேசிஸ் ஸ்டாண்டில் உட்கார வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. இன்னொரு ஜாக்கி ஆக்ஸிலைத் தாங்கட்டும். ஷாக்கைக் கழற்றி, பட்டையை ஆக்ஸிலோடு கட்டியிருக்கும் யூ போல்ட்டை எடுத்து, ஆக்ஸிலை மெதுவாக இறக்கும்போது பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், ஹேண்ட்பிரேக் கேபிள், ஆக்ஸிலின் காற்றுக் குழாய் நான்கும் இழுபடாமல் இருக்கிறதா என்று ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும்.

புதுப் பட்டையின் சென்டர் போல்ட் தலை, ஆக்ஸில் இருக்கையின் குழியில் சரியாக உட்கார வேண்டும். யூ போல்ட் புதிதாகத்தான் போட வேண்டும். ஒருமுறை முறுக்கியது ஏற்கெனவே நீண்டிருக்கும், மறுபடி அந்தப் பிடி கிடைக்காது. நான்கு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முடியுங்கள்.

இப்போது மிக முக்கியமான இடம். கண் வளைய போல்ட், ஷாக்கிள் போல்ட், முன்பக்க விஷ்போன் போல்ட் எதையும் வண்டி தொங்கும்போது இறுக்கக் கூடாது. கையால் முடுக்கி விட்டுவிட்டு, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை நாலு அழுத்து அழுத்தி, வண்டி தன் உயரத்துக்கு வந்த பிறகுதான் இறுக்க வேண்டும். ரப்பர் புஷ் அதன் உறையோடு ஒட்டியது. தொங்கும் நிலையில் இறுக்கினால் அந்த நிலைதான் அதற்கு ஓய்வு நிலை. கீழே இறக்கியதும் அது முறுக்கிக்கொண்டே நிற்கும். எங்கள் வண்டியில் ஒரு பட்டறையில் இப்படித்தான் இறுக்கிவிட்டார்கள், நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கும் தெரியவில்லை. ஐந்தாவது மாதம் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் கதவு கீல் மாதிரி கிறீச்சிட்டது. கழற்றினால் ரப்பர் வட்டமாகக் கிழிந்து தூளாகக் கொட்டியது.

முன் ஸ்ட்ரட்டிலிருந்து சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். அழுத்தி வைத்த ஸ்பிரிங் நழுவினால் முகத்தையோ கையையோ எடுத்துவிடும். சுவரில் பொருத்திய அழுத்தும் கருவி உள்ள பட்டறையில் கொடுங்கள், அல்லது ஸ்பிரிங் மாட்டியே வரும் முழு ஸ்ட்ரட்டாக வாங்குங்கள்.

மாட்டிய பிறகு

அன்றே வீல் அலைன்மென்ட். டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பும் கடை வேண்டாம். காஸ்டர், கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு), டோ மூன்றும் அச்சிட்ட தாளில் வேண்டும், சரிசெய்வதற்கு முன்னும் பின்னும். பயண லோடில் பாதியாவது ஏற்றிக்கொண்டு போனால் இன்னும் சரியாக வரும்.

சில பிக்கப்களில் பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு கம்பி மேலே போய் பிரேக் வால்வைத் தொடும். பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்பப் பின் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் ஏற்பாடு அது. பட்டை ஏறியதும் வண்டி காலி என்று அது எடுத்துக்கொள்ளும்; லோடுடன் பிரேக் பிடித்தால் பின் பிரேக் பாதிதான் வேலை செய்யும். உங்கள் வண்டியில் இந்தக் கம்பி இருந்தால் அதன் தாங்கியை அதே அளவு ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். பல பட்டறைகள் இதை விட்டுவிடுகின்றன. அப்புறம், ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள். முன்பக்கம் கொஞ்சம் ஏறினாலும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். கிளம்பும்போது அடியில் ஒரு நடுக்கம் புதிதாகத் தெரிந்தால் பின் ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நடு பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். உயரம் மாறியதால் அதன் கோணம் மாறியிருக்கும்.

500 கி.மீ. ஓடிய பின் யூ போல்ட்டை மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். முதல் பயணத்துக்கு நேராக லடாக் போகாதீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை முழு லோடுடன் ஒருமுறை ஏறி இறங்குங்கள். எது ஆடுகிறது, எது தட்டுகிறது, கூடாரம் வண்டியை எவ்வளவு சாய்க்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

டயர் காற்றையும் சஸ்பென்ஷனின் ஒரு பாகமாகவே பாருங்கள். தார்ச் சாலையில் முழு லோடுக்கு நான் 36 பிஎஸ்ஐ வைக்கிறேன், கல் பாதையில் 28, ஜெய்சல்மேர் மணலில் 18. ஷாக்குக்குப் போகும் சின்னச் சின்ன அடிகளை அந்த 28 பிஎஸ்ஐ டயரே வாங்கிக்கொள்ளும். காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும், தார்ச் சாலை வந்ததும் கம்ப்ரஸரை எடுத்து ஏற்றிவிட வேண்டும்.

முகாமில் வண்டியை நிறுத்தியதும், அடுப்பு பற்ற வைப்பதற்கு முன், டார்ச்சை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் அடியில் பார்த்துவிடுவது எங்கள் வீட்டில் பழக்கமாகிவிட்டது. நான்கு ஷாக்குக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்ப்பேன், தொட மாட்டேன், சுட்டுவிடும். மூன்று சூடாக இருந்து ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால் அந்த ஒன்று வேலை செய்யவில்லை. பிறகு பட்டையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு போவேன். யூ போல்ட் ஓரத்தில் துரு நிறத்தில் புதுத் தூள் தெரிந்தால் அங்கே ஏதோ அசைகிறது. என் மகளுக்கு இப்போது எட்டு வயது. டார்ச் பிடிக்கும் வேலை அவளுடையது.